இண்டர்நேஷனல் லீக் மைதானங்கள்: ஒரே பயணத்தில் நாலைந்து பார்க்க முடியுமா?

ராலே_வாசி

வணக்கம். ஜூன் மாதம் ஏழு நாள் விடுமுறை. பெரியவர்கள் இருவர், 8 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள். வட கரோலினா ராலேயிலிருந்து கிளம்புகிறோம். அமெரிக்க பேஸ்பாலில் மேஜர் லீக்குக்குக் கீழே இருப்பவை மைனர் லீக்குகள்; அவற்றில் மேல்படியான ட்ரிபிள்-ஏ தரத்தில் இருக்கும் இண்டர்நேஷனல் லீக் மைதானங்களில் குறைந்தது நான்கைப் பார்த்துவிட வேண்டும் என்பது திட்டம். கிரிக்கெட் நன்றாகத் தெரியும், பேஸ்பால் விதிகள் ஓரளவு தெரியும்.

தெரிய வேண்டியவை இவை. எந்த ஊர்களைச் சேர்த்துப் பார்ப்பது சுலபம்? ஒவ்வொரு மைதானத்திலும் கவனிக்க என்ன இருக்கிறது? மாலை வெயிலில் பிள்ளைகளை எந்தப் பக்கம் உட்கார வைப்பது? சைவச் சாப்பாடு கிடைக்குமா? மழை வந்தால் டிக்கெட் என்ன ஆகும்?

டபுள்_ஹெட்டர்

மைதானத்தை முதலில் தேர்ந்தெடுக்காதீங்க. வாரத்தைத் தேர்ந்தெடுங்க. இந்த ஒன்றில்தான் எல்லாரும் சறுக்குறாங்க.

காரணம் அட்டவணை. 2021-ல் மைனர் லீக் நிர்வாகம் மேஜர் லீக் கைக்குப் போனது. அதிலிருந்து ஒரு தொடர் என்றால் ஒரே ஊரில் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு ஆட்டம். திங்கள் ஓய்வு. ஜூலை 4-ஐ ஒட்டிய நாட்கள் மாதிரி சில இடங்களில் இது மாறும், ஜூலை நடுவில் நான்கு நாள் இடைவேளையும் உண்டு. ஜூனில் பெரும்பாலும் இதே கணக்குதான். லீக்கில் 20 அணி. அப்படியென்றால் எந்த வாரம் எடுத்தாலும் 10 மைதானத்தில்தான் விளக்கு எரியும், மீதி 10 பூட்டியிருக்கும். டர்ஹம் அணி அந்த வாரம் வெளியூரில் என்றால் ஆறு நாளும் வெளியூர்தான். "வியாழன் இல்லைன்னா வெள்ளி போய்க்கலாம்" என்பதற்கு இடமே இல்லை.

அடுத்த சிக்கல்: பக்கத்து ஊர் அணிகள் அடிக்கடி தங்களுக்குள்ளேயே மோதும். டர்ஹமும் சார்லட்டும், பஃபலோவும் ராச்செஸ்டரும், கொலம்பஸும் டொலீடோவும், இண்டியானாபொலிஸும் லூயிவிலும். அந்த வாரங்களில் ஜோடியில் ஒன்றுதான் திறந்திருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு தாளில் ஜூன் வாரங்களைக் குறுக்கே எழுதுங்க, ஊர்களை நெடுக்கே எழுதுங்க. அணிகளின் தளத்தில் பார்த்து, உள்ளூர் வாரத்துக்கு மட்டும் டிக் போடுங்க. எந்த வாரத்தில் காரில் எட்டும் தூரத்துக்குள் நாலு டிக் விழுதோ, அதுதான் உங்க வாரம். அதற்குப் பிறகுதான் விடுமுறை எழுதிக் கொடுக்கணும். முதலில் விடுமுறை வாங்கிட்டு அட்டவணையைப் பார்த்தால் இரண்டு மைதானத்தோடு திரும்பி வரவேண்டியிருக்கும்.

ராலேயிலிருந்து இரண்டு வழி இருக்கு.

ஒன்று, காரிலேயே. டர்ஹம் பக்கத்திலேயே இருக்கு, அரை மணி. நார்ஃபோக் 3 மணி நேரம். சார்லட் சுமார் 165 மைல். சார்லட்டிலிருந்து ஜார்ஜியாவில் க்வின்னெட் சுமார் 220 மைல். நாலும் ஒரே வாரத்தில் அமைவது அரிது. மூன்று அமைந்தாலே எடுத்துக்கோங்க, டர்ஹமை வேறொரு வாரம் தனியாகப் பார்த்துக்கலாம்.

இரண்டு, விமானத்தில் கொலம்பஸ் போய், அங்கே கார் வாடகைக்கு எடுப்பது. டொலீடோ 140 மைல், இண்டியானாபொலிஸ் 175 மைல், அங்கிருந்து லூயிவில் 115 மைல். நாலுமே நகரின் நடுவில் இருக்கும் மைதானங்கள், நாலும் கிழக்கு நேரம். விடுதியிலிருந்து நடந்தே போகலாம், பார்க்கிங் தலைவலி இல்லை. என் தேர்வு இதுதான்.

லூயிவிலுக்குப் பிறகு நாஷ்வில் 175 மைல்தான் என்று ஆசை வரும். போகலாம், ஆனால் அங்கே ஒரு மணி நேரம் பின்னால் ஓடும் மத்திய நேரம். தளத்தில் போட்டிருக்கும் நேரம் எப்போதும் அந்தந்த ஊர் நேரம். போகும்போது ஒரு மணி நேரம் கிடைக்கும், திரும்பும்போது அது போய்விடும்.

இன்னொன்று, பெயர். ஸ்பான்சர் மாறினால் மைதானத்தின் பெயரும் மாறும். சார்லட் மைதானம் 2020-ல்தான் ட்ரூயிஸ்ட் ஃபீல்ட் ஆனது, பழைய கட்டுரைகளில் வேறு பெயர் இருக்கும். "ஃபிஃப்த் தேர்ட் ஃபீல்ட்" என்று டொலீடோவிலும் இருந்தது, அதே ஒஹாயோவில் டேட்டனிலும் 2020 வரை இருந்தது. டேட்டன் வேறு லீக். லூயிவிலில் "லூயிவில் ஸ்லக்கர் ஃபீல்ட்" என்ற மைதானப் பெயருக்குப் பதில் "லூயிவில் ஸ்லக்கர்" என்று மட்டும் வழிகாட்டியில் தட்டினால், 120 அடி உயர மட்டை சாத்தி வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். அது வேறு இடம். பெயரை நம்பாமல் தெரு முகவரியைப் போடுங்க.

இடதுகை_சுழல்

மேலே சொன்ன பயணக் கணக்கு சரி. மைதானங்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

கிரிக்கெட் பழகியவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது, இரண்டு பக்க எல்லையும் ஒரே தூரத்தில் இல்லை என்பது. 1958 ஜூனுக்குப் பிறகு கட்டும் தொழில்முறை மைதானங்களில், பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து வேலி வரை, ஃபௌல் கோடு எனும் பக்க எல்லைக் கோட்டோரம் குறைந்தது 325 அடி, நேர் நடுவில் 400 அடி இருக்க வேண்டும் என்று விதிப்புத்தகம் சொல்கிறது. நகரத்தின் நடுவில் தெருவும் தண்டவாளமும் குறுக்கே வரும் மனையில் இது எப்போதும் முடிவதில்லை. அனுமதி வாங்கிக் குறைத்துக் கட்டுகிறார்கள், குறைந்த தூரத்தைச் சுவரின் உயரத்தால் ஈடுகட்டுகிறார்கள்.

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் 1995-ல் திறந்த டர்ஹம் புல்ஸ் மைதானம். இடது கோட்டோரம் வெறும் 305 அடி. ஆனால் அங்கே நிற்பது 32 அடி உயர நீலச் சுவர். சுவரிலேயே கையால் எண் மாற்றும் ஸ்கோர் பலகை. மற்ற மைதானங்களில் ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) ஆகும் தாழ்வான, வேகமான அடி இங்கே சுவரில் மோதித் திரும்பி வரும். இடது ஃபீல்டர் அந்தத் துள்ளலுக்குக் காத்து நின்று எடுத்து எறிந்தால், பேட்டர் முதல் பேஸோடு நிற்க வேண்டியதுதான். அதுவே உயரமாகத் தூக்கிய சுமாரான அடி, வேறு ஊரில் கேட்ச் ஆகியிருக்கும். இங்கே சுவரைத் தாண்டிவிடும். ஆகவே பந்து மட்டையை விட்டதும் எவ்வளவு தூரம் என்று பார்க்காதீர்கள், எந்தக் கோணத்தில் எழுகிறது என்று பாருங்கள். பிள்ளைகள் இரண்டே இன்னிங்ஸில் இதைப் பிடித்துக்கொள்வார்கள்.

சுவருக்கு மேலே இருக்கும் காளைப் பலகையையும் அவர்களுக்குக் காட்டுங்கள். உள்ளூர் அணி ஹோம் ரன் அடித்தால் கண் சிவக்கும், வால் ஆடும், மூக்கில் புகை வரும். "காளையில் பட்டால் ஸ்டேக், புல்லில் பட்டால் சாலட்" என்று அதில் எழுதியிருக்கும். 1988-ல் வந்த ஒரு திரைப்படத்துக்காகப் பழைய மைதானத்தில் இப்படி ஒரு காளையை வைத்தார்கள். அதன் வழிவந்ததுதான் இது. அந்தப் பழைய மைதானமும் டர்ஹமில் இன்னும் நிற்கிறது, பகலில் ஒரு நடை போய்ப் பார்க்கலாம்.

சார்லட் இதற்கு நேர் எதிர். 2014-ல் திறந்தது. வலது கோட்டோரம் 315 அடிதான், அதை ஈடுகட்ட டர்ஹம் மாதிரிச் சுவர் இல்லை. ஹோம் ரன் கொட்டும் இடம் என்று பந்து வீசும் பிட்சர்கள் அலுத்துக்கொள்வார்கள். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தால் அடுக்குமாடிக் கட்டடங்கள் வேலிக்கு மேலேயே எழுந்து நிற்கும். இந்த லீக்கில் நகரக் காட்சிக்கு இதற்கு இணை கிடையாது என்பது என் கருத்து.

ஒஹாயோ, இண்டியானா பக்கம் போனால் இவற்றைத் தவறவிடாதீர்கள். டொலீடோ, 2002: வலது மூலையில் பழைய கட்டடத்தை ஒட்டித் தொங்கும் "ரூஸ்ட்" என்ற சிறு மேல்தளம். கொலம்பஸ், 2009: இடது ஃபீல்டுக்குப் பின்னால் ஒரு கட்டடம், அதன் மொட்டைமாடியிலும் இருக்கைகள். லூயிவில், 2000: பழைய ரயில் கொட்டகையை இடிக்காமல் அதையே நுழைவாயில் ஆக்கியிருக்கிறார்கள். இரும்புத் தூண்களுக்கு நடுவே நடந்து, வெளிச்சமான புல்வெளியில் வந்து நிற்பீர்கள். இண்டியானாபொலிஸ், 1996: அவுட்ஃபீல்டைச் சுற்றிப் புல்மேடு. போர்வை விரித்து உட்காரலாம், மிகக் குறைந்த விலை டிக்கெட்டும் பெரும்பாலும் அதற்குத்தான்.

இனி வெயில். ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸுக்குப் போகும் கோடு கிழக்கு-வடகிழக்காக இருப்பது நல்லது என்பது விதிப்புத்தகத்தின் பரிந்துரை. மாலை வெயில் பேட்டரின் கண்ணில் விழக்கூடாது என்பதற்காக. அப்படி அமைந்த மைதானத்தில் ஜூன் மாதச் சூரியன், ஹோம் பிளேட்டிலிருந்து பார்த்தால் இடதுபுறமான மூன்றாம் பேஸ் பக்கத்து இருக்கைகளுக்குப் பின்னால் இறங்கும். ஆகவே மூன்றாம் பேஸ் பக்கம் முதலில் நிழல். முதல் பேஸ் பக்கமும் வலது ஃபீல்டும் சூரியன் இறங்கும்வரை முகத்தில் வெயில். ஆனால் இது பரிந்துரைதான், மனை இடம் கொடுத்தால்தான் நடக்கும். டிக்கெட் வாங்கும் முன் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து, ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸுக்கு விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அரை நிமிட வேலை.

நிழலா காட்சியா என்ற கேள்வியும் வரும். டர்ஹமின் நீலச் சுவரும் காளையும் நேர் எதிரே தெரிய வேண்டுமானால் முதல் பேஸ் பக்கம்தான் உட்கார வேண்டும். மூன்றாம் பேஸ் பக்கத்தில் கடைசியில் உட்கார்ந்தால் சுவர் பக்கவாட்டில் ஒதுங்கிப் போகும். பிள்ளைகளுக்குத் தொப்பி போட்டு முதல் பேஸ் பக்கம் உட்கார வையுங்கள், ஒரு மணி நேரத்தில் வெயில் தணிந்துவிடும்.

எந்தப் பக்கமானாலும் பார்வையாளர்களைக் காக்கக் கட்டியிருக்கும் வலைக்குப் பின்னால் உட்காருங்கள். வலை முடியும் இடத்தை அடுத்த முன்வரிசைகள்தான் ஆபத்தானவை. 100 மைல் வேகத்தில் வரும் ஃபௌல் பந்துக்கு எட்டு வயதுப் பிள்ளையால் விலக முடியாது. இருக்கை வரைபடத்தில் வலையின் எல்லை சில அணிகளில்தான் காட்டப்படும், மற்றவற்றில் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ராலே_வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. வாரக் கணக்கு எனக்குத் தெரியவே தெரியாது, நல்ல வேளை கேட்டேன். மழை பற்றி யாராவது சொல்லுங்கள். இன்னொன்று: கிரிக்கெட்டில் பிட்ச் பார்ப்பது ஒரு தனி ரசனை. இங்கே அதற்கு இணையாகப் பார்க்க ஏதாவது உண்டா, அல்லது எல்லா ஊரிலும் ஒரே மண்தானா?

களிமண்

உண்டு. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வாசல் திறக்கும்போதே உள்ளே போங்க, அதுக்கு வழி கிடைக்கும்.

நடுவில் இருக்கும் பிட்சர் மேடுதான் உங்க "பிட்ச்". 18 அடி விட்டமுள்ள வட்டம். அதன் உச்சியில் வெள்ளை ரப்பர் பட்டை, ஹோம் பிளேட்டைவிட 10 அங்குலம் உயரத்தில். ரப்பருக்கும் ஹோம் பிளேட்டுக்கும் 60 அடி 6 அங்குலம். ரப்பருக்கு 6 அங்குலம் முன்னாலிருந்து, அடிக்கு ஓர் அங்குலம் வீதம் சரிவு இறங்கணும். இது எல்லா ஊருக்கும் ஒன்றுதான். ஆனால் மண் ஊருக்கு ஊர் மாறும், பராமரிப்பும் மாறும்.

பிட்சர் காலை ஊன்றித் தரையிறங்கும் இடத்தில் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு குழி விழும். அதனால் ரப்பருக்கு முன்னாலும் கால் விழும் இடத்திலும், ஹோம் பிளேட்டில் பேட்டர் நிற்கும் பெட்டிகளிலும் கெட்டியான களிமண். மற்ற இடங்களில் மணலும் வண்டலும் களியும் கலந்த மண். ஆட்டம் முடிந்ததும் ஆட்கள் செய்வதைக் கவனிச்சுப் பாருங்க: குழியில் உதிர்ந்ததைப் பெருக்கி எடுத்துடுவாங்க, அடியில் தண்ணீர் தெளிப்பாங்க, ஈரக் களிமண்ணைத் திணிச்சு இடிகட்டையால் இடிப்பாங்க, மேலே காய்ந்த மண்ணைத் தூவி மூடிடுவாங்க. பெருக்காமல் உதிரி மண்ணுக்கு மேலேயே களியை வைத்தால் ஒட்டாது, மறுநாள் இரண்டாவது இன்னிங்ஸிலேயே பாளம் பாளமாகக் கிளம்பும். ஈரம் கூடினால் ஷூ ஆணியில் ஒட்டிக்கும், பிட்சர் குச்சியால் சுரண்டிட்டே நிப்பார். ஈரம் குறைந்தால் தூளாகும்.

பேஸ்களுக்கு இடையே உள்ள செம்மண் பகுதிக்குத் தண்ணீர்தான் உயிர். மேலே கால் அங்குலத்துக்குச் சுட்ட களிமண் துகள் தூவி வைத்திருப்பாங்க, அதுதான் அந்தச் செந்நிறம். ஆட்டத்துக்கு முன் இரண்டு மூன்று பேர் ஹோஸைத் தோளில் தூக்கிட்டு நனைப்பாங்க. ஹோஸ் புல்லிலும் மண்ணிலும் இழுபடக்கூடாது என்பதற்குத்தான் அத்தனை ஆள். நடுவில் இன்னிங்ஸ் இடைவேளையில் வலை போன்ற பாயை இழுத்துட்டு ஓடுவாங்க. அவங்க புல் விளிம்பு வரை இழுக்காமல் கொஞ்சம் முன்னாடியே திரும்புவதைப் பாருங்க. விளிம்பு வரை இழுத்தால் மண் புல்லில் சேர்ந்து சேர்ந்து வரப்பு மாதிரி மேடு கட்டும். தரையோடு வரும் பந்து அந்த மேட்டில் பட்டால் ஃபீல்டரின் முகத்துக்குத் துள்ளும்.

மழை: இன்ஃபீல்டை மூடும் தார்ப்பாய் பெரும்பாலும் 170 அடிக்கு 170 அடி. பதினைந்து இருபது பேராவது வேணும். காற்று அடியில் புகுந்தால் ஆளையே தூக்கும், அதனால் ஓரத்தில் மணல் மூட்டை வைப்பாங்க. மழை விட்டதும் பாயைச் சீக்கிரம் எடுக்கணும். வெயிலில் அப்படியே விட்டால் அடியில் புல் வெந்து மஞ்சளாகிடும்.

டிக்கெட் கணக்கு இப்படி. ஆட்டம் தொடங்கிப் பாதியில் நின்றால், மைனர் லீக்கில் அநேகமாக மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடருவாங்க. அதற்குப் பிறகு அன்றைய ஆட்டம் 7 இன்னிங்ஸ். ஆட்டமே தொடங்கலைன்னா மறுநாள் இரட்டை ஆட்டம், இரண்டும் 7 இன்னிங்ஸ்தான். கையில் இருக்கும் டிக்கெட்டை வேறு ஆட்டத்துக்கு மாற்றித் தருவாங்க, பணம் திரும்ப வராது. வெளியூரிலிருந்து வரும் உங்களுக்கு அந்த மாற்று டிக்கெட்டால் பயன் இல்லை. ஞாயிறு தொடரின் கடைசி நாள். அன்று மழை என்றால் ஆட்டம் ரத்தாகவே வாய்ப்பு அதிகம். ரொம்ப ஆசைப்படுற மைதானத்தைச் செவ்வாய் அல்லது புதனில் வைங்க. தவறினால் மறுநாளும் அங்கேயே தங்கி இரட்டை ஆட்டமாகப் பார்த்துடலாம்.

ஏரிக்காற்று

நியூயார்க் மாநிலத்து பஃபலோ மைதானத்தைப் பற்றி யாரும் சொல்லவே இல்லையே. மைதானக் கட்டடக்கலைக்காகப் போகிறவர்கள் அதை விடக்கூடாது.

1988-ல் திறந்தது. அதுவரை பல ஊர்களில் ஊருக்கு வெளியே, கார் நிறுத்தும் வெளிக்கு நடுவில் கான்கிரீட் வட்டமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பஃபலோவில் நகரத் தெருக்களுக்கு நடுவே, பழைய பாணி வளைவுகளும் இரும்பு வேலையுமாகக் கட்டினார்கள். முதல் ஆண்டிலேயே 10 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள், மைனர் லீக்கில் அது பிரமிப்பான எண். வரைந்தது ஹெச்ஓகே நிறுவனம். நாலு ஆண்டு கழித்து, 1992-ல், மேஜர் லீக்கையே மாற்றிய பால்டிமோர் கேம்டன் யார்ட்ஸ் மைதானத்தை வரைந்ததும் அதே நிறுவனம். டர்ஹம், டொலீடோ, கொலம்பஸ் என்று மேலே பேசிய எல்லா நகர்மைய மைதானங்களுக்கும் பஃபலோதான் முன்னோடி.

2020-லும் 2021-லும் கோவிட் கால எல்லைக் கட்டுப்பாட்டால் கனடாவின் டொராண்டோ புளூ ஜேஸ் அணியினர் சொந்த ஊரில் ஆட முடியாமல் இங்கே வந்து மேஜர் லீக் ஆட்டங்களையே ஆடினார்கள். அதற்காக விளக்குகளை மாற்றினார்கள். மாற்றுப் பிட்சர்கள் பயிற்சி எடுக்கும் மேடுகள் முன்பு ஃபௌல் கோட்டோரம் ஆடுகளத்துக்குள்ளேயே இருந்தன, அவற்றை வேலிக்கு வெளியே கொண்டுபோனார்கள். அண்ணாந்து பந்தைப் பார்த்தபடி ஓடும் ஃபீல்டர் அந்த மேட்டில் தடுக்கி விழும் அபாயம் அதோடு போயிற்று. மற்ற மைதானங்களில் இந்த மேடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள், அதிலேயே அந்த மைதானத்தின் வயது தெரிந்துவிடும்.

பஃபலோவிலிருந்து ராச்செஸ்டர் 75 மைல், அங்கிருந்து சிரக்யூஸ் சுமார் 90 மைல், நயாகராவும் பக்கம். 16,000-க்கு மேல் இருக்கை இருப்பதால் வார நாளில் வாசலிலேயே டிக்கெட் கிடைக்கும். ஜூன் இரவிலும் ஏரிக் காற்று குளிரும், பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்துவையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: இதன் பெயர் முன்பு கோகோ-கோலா ஃபீல்ட், இப்போது சாலன் ஃபீல்ட். பென்சில்வேனியா ஆலன்டவுனில் இருப்பது கோகோ-கோலா பார்க். இரண்டுக்கும் நடுவே பல மணி நேரப் பயணம்.

டபுள்_ஹெட்டர்

பஃபலோ பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ராலேயிலிருந்து ஏழு நாளில் என்றால் கொலம்பஸ் வட்டத்தில் நாலு கிடைக்கும், பஃபலோ வட்டத்தில் மூன்றுதான், பக்கத்து அணிகள் தங்களுக்குள் மோதும் வாரம் என்றால் இரண்டாகக் குறையும். உங்க தாளில் அந்த மூன்று ஊருக்கும் ஒரே வாரம் டிக் விழுந்தால் யோசிக்காமல் அங்கேயே போங்க.

மிச்சக் கேள்விகள். சைவம்: பிரெட்ஸல், பாப்கார்ன், வேர்க்கடலை, ஐஸ்கிரீம் எங்கும் இருக்கும். நாச்சோஸ் வாங்கும்போது சீஸ் மட்டும் போதும் என்று சொல்லிடுங்க, மேலே ஊற்றும் சில்லியில் அநேகமாக மாட்டிறைச்சி இருக்கும். ஃப்ரைஸ் எந்த எண்ணெயில் பொரிக்கிறாங்க, கோழியும் அதிலேயேவா என்று கேட்டுக்கோங்க. பைக்கு அளவுக் கட்டுப்பாடு அணிக்கு அணி மாறும். பல இடங்களில் ரொக்கம் வாங்குவதில்லை, கார்டு கையில் இருக்கட்டும்.

வெள்ளி, சனியில் ஆட்டம் முடிந்து வாணவேடிக்கை இருக்கும் நாளைத் தளத்தில் பாருங்க. பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் டிக்கெட் முன்கூட்டியே தீரும், வண்டி வெளியே எடுக்க நேரமாகும். மறுநாள் காலை நீண்ட தூரம் ஓட்டணும் என்றால் அந்த நாளைத் தவிர்க்கலாம்.

இருக்கை எடுக்கும்போது பெரிய திரை எந்தப் பக்கம் என்றும் பாருங்க. 2023 முதல் ட்ரிபிள்-ஏ மைதானங்கள் எல்லாவற்றிலும் ஸ்ட்ரைக்கை (பேட்டர் அடிக்கக்கூடிய எல்லைக்குள் பந்து வந்ததா என்பதை) கேமரா அளக்குது. அம்பயர் சொன்னது தப்பு என்று நினைத்தால் பேட்டரோ பிட்சரோ கேட்சரோ உடனே தன் தலையைத் தட்டுவார், சில நொடியில் பந்து போன வழி திரையில் வரும். கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ ரிவ்யூ பார்த்த உங்க பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படாது. அவுட்ஃபீல்ட் திரைக்கு நேர் கீழே புல்மேட்டில் உட்கார்ந்தால் மட்டும் இது தெரியாது.